தன்னைக் காணும் கங்காணி

உத்தியோகம் ஒரே நாளில் உயர்ந்துவிடும். மனிதன் ஒரே நாளில் உயர்ந்துவிடுவதில்லை. நேற்றுவரை பத்துப் பேரோடு பதினோராவது ஆளாக நின்று வேலை செய்தவன், இன்று காலையில் வந்த ஒரு கடிதத்தின் பலத்தால் அந்தப் பத்துப் பேருக்கும் மேலாளாகிவிடுகிறான். வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். உறவினர் வாழ்த்துகிறார்கள். சம்பளம் எத்தனை வெள்ளி கூடிற்று என்று அண்டை வீட்டார் விசாரிக்கிறார்கள். கண்டிப்பாயிரு என்று ஒருவரும், தாட்சணியமாய் நடந்துகொள் என்று மற்றொருவரும் புத்தி கூறுகிறார்கள். ஆனால் ஒன்றை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை. அந்தக் கடிதம் கைக்கு வந்த நாள் முதல், அவனைப் பற்றிய உண்மை அவன் காதுக்கு எட்டுவது குறைந்துவிடும் என்பதே அது.

தன்னை அறிதல் என்றவுடன் நம்மவர் முனிவர்களையும் மலைக் குகைகளையும் நினைத்துக்கொள்வர். நாம் ஈண்டுப் பேசப் புகுவது அத்தகைய விசாரணையைப் பற்றியன்று. ஓர் ஆலையிலோ, கிடங்கிலோ, அலுவலகத்திலோ முதன்முறையாகப் பிறர்மேல் அதிகாரம் பெற்ற ஒருவன், தன் சொல்லும் முகமும் மௌனமும் அவர்கள்மேல் எவ்வாறு விழுகின்றன என்பதை அறிந்துகொள்ளும் எளிய காரியத்தைப் பற்றியே பேசுகிறோம். எளிய காரியம் என்றோமேயன்றிச் சுலபமான காரியம் என்று சொல்லவில்லை.

இந்நாட்டுத் தமிழருக்கு இது புதிய விஷயமன்று. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் பலர் கண்ட மேலாள் கங்காணியே. துரை தூரத்தில் இருந்தார். கங்காணி பக்கத்தில் இருந்தார். அவர் பெரும்பாலும் தொழிலாளரிடையே இருந்து எழுந்தவர். ஊருக்குச் சென்று தம் உற்றாரையும் ஊராரையும் அழைத்துவந்தவர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்ட பின்னர் அவருடைய முக்கியத்துவம் மேலும் வளர்ந்தது. 1938இல் இந்திய அரசாங்கம் இத்தகைய குடியேற்றத்துக்குத் தடை விதித்தபோதுதான் அந்தப் படலம் முடிவுற்றது.

அந்நாளில் தோட்டத்தில் வழங்கிய பெயர்களைச் சற்று நோக்குவோம். கங்காணி என்பது கண்காணி என்பதன் திரிபு. கண்ணால் பார்ப்பவன் என்று பொருள். மண்டோர் என்பது போர்த்துக்கீசியத்தில் பிறந்து மலாய்மொழி வழியாக நம்மிடம் வந்த சொல். ஆணையிடுபவன் என்பது அதன் மூலப்பொருள். கிராணி என்பவர் கணக்கு எழுதுபவர். ஆக, பார்ப்பதற்கு ஒருவர், ஆணையிடுவதற்கு ஒருவர், எழுதுவதற்கு ஒருவர் இருந்தனர். கேட்பவர் என்று பொருள்படும் பெயர் மட்டும் அந்த வரிசையில் ஒருவருக்கும் இல்லை.

எல்லாரையும் பார்க்கும் கண் தன்னைத்தானே பார்ப்பதில்லை. அதற்குப் பிறவிக் காரணம் ஒன்று உண்டு. பணக் காரணமும் ஒன்று உண்டு. தலைக்காசு என்ற முறையை நம் பெரியோர் அறிவர். தம் கூட்டத்தில் ஓராள் ஒரு நாள் வேலைக்கு இறங்கினால் அந்தத் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு உண்டு. பிரட்டுக்களத்தில் ஒருவன் காய்ச்சலோடு வந்து நின்றால், கங்காணியின் கண்ணுக்கு அவன் காய்ச்சற்காரனாகத் தோன்றினானா, குறைந்துபோன காசாகத் தோன்றினானா? அவர் கொடியவராயிருக்க வேண்டுமென்பதில்லை. காய்ச்சல் பொய் என்று நம்புவதில் அவருக்கு லாபம் இருந்தது, அவ்வளவே போதும். இன்றைய மேலாளுக்குத் தலைக்காசு கிடையாது. ஆயினும் மாத இலக்கு உண்டு, ஆண்டு முடிவில் போனஸ் உண்டு, தமக்கு மேலேயுள்ளவரின் மதிப்பீடு உண்டு. ஒருவன் விடுப்புக் கேட்கும்போது நம் மனத்தில் முதலில் எழுவது அவன் முகமா, அட்டவணையா என்று பார்த்துக்கொள்வது, தன்னை அறிதலின் முதற்பாடம்.

இன்னொன்றையும் கூறுவோம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வு இருந்தது. பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவையும் இருந்தன. அவற்றோடு, துரைமாரும் தோட்ட உத்தியோகஸ்தரும் எதிரே வரும்போது தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் பட்டாளம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

அந்தச் சைக்கிளைப் பற்றியே சிந்திக்கவேண்டும். கூலிக்கும் கல்விக்கும் சமமாக அதையும் வைத்துக் கேட்டார்கள் என்றால், அது எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்கவேண்டும்! ஆனால் எதிரே வந்த உத்தியோகஸ்தருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? காலையில் சூரியன் உதிப்பதுபோல, வழியில் ஆட்கள் இறங்கி நிற்பது அவர் தினமும் காணும் காட்சிகளுள் ஒன்று. இறங்குகிறவன் நாள்தோறும் எண்ணுகிறான். யாருக்காக இறங்குகிறானோ அவர் ஒருநாளும் எண்ணுவதில்லை. அதிகாரத்தின் குருடு என்பது இதுதான். தான் செய்யும் கொடுமையைக்கூட ஒருவன் ஒருவேளை உணர்ந்துவிடுவான். பிறர் தனக்காகத் தாமே குறைந்துகொள்வதை உணர்வது அரிது.

இன்று சைக்கிளை விட்டு ஒருவரும் இறங்குவதில்லை. ஆயினும், மேலாள் வரும்போது பேச்சிலிருந்து இறங்குகிறார்கள்; சிரிப்பிலிருந்து இறங்குகிறார்கள்; தம் அபிப்பிராயத்திலிருந்து இறங்குகிறார்கள்.

நிற்க. இது பற்றி நமது சொந்த அநுபவத்தில் ஒரு பகுதியைக் கூறுவது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர், துறைமுகம் ஒன்றை அடுத்த பண்டகசாலையில் பன்னிருவர் கொண்ட ஒரு பிரிவுக்கு நாம் மேலாளாக நியமனம் பெற்றோம். தமிழர் நால்வர், மலாய்க்காரர் மூவர், சீனர் இருவர், வங்காளதேசத்தவர் மூவர். எட்டாண்டுகள் அவர்களிற் பலரோடு சேர்ந்து பெட்டி அடுக்கியவர் நாம். காலைத் தேநீர் வேளையில் நாம் அமரும் மேசையில்தான் பண்டகசாலைச் செய்திகளெல்லாம் வந்து விழும். எந்த லாரி தாமதம், எந்தக் கதவு சரியாகப் பூட்டுவதில்லை, எவருக்கு வீட்டில் கஷ்டம் என்பதெல்லாம் அலுவலகம் அறியுமுன் அம்மேசை அறியும்.

நியமனத்துக்கு அடுத்த வாரமும் அதே மேசையில் அதே தே தாரிக் கோப்பையோடு அமர்ந்தோம். மழையைப் பற்றிப் பேசினார்கள். பந்தாட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். நாம் சொன்ன ஒரு சாதாரண விகடத்துக்கு, அதன் தகுதிக்கு மேலாகச் சிரித்தார்கள். நாம் எழுந்து வாயிற்படியைத் தாண்டிய பிறகு, உண்மையான பேச்சு தொடங்கும் ஓசை காதில் விழுந்தது. நமக்குப் பாரந்தூக்கி வண்டி ஓட்டக் கற்றுத்தந்த மூத்தவர் ஒருவர் அங்கே இருந்தார். நாம் அவரை 'அண்ணே' என்போம். அவர் நம்மைத் 'தம்பி' என்பார். கடிதம் வந்த மறுநாள் அவர் நம்மைச் 'சார்' என்றார். அவர் உதட்டில் பரிகாசமில்லை, கோபமுமில்லை. ஒரு வேலியை நட்டுவிட்டு அதன் மறுபுறத்தில் மரியாதையாக நின்றுகொண்டார், அவ்வளவே.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் ஹார்வர்ட் வணிகக் கல்லூரிப் பேராசிரியையான லிண்டா ஹில் அம்மையார், புதிதாக மேலாளரான 19 பேரை அவர்களுடைய முதலாண்டில் தொடர்ந்து கவனித்து, 1992இல் ஒரு நூல் வெளியிட்டார். அதிகாரம் கைக்கு வரும் என்று எண்ணி வந்தவர்கள், முன்னைவிட அதிகமாகப் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையில் தம்மைக் கண்டு திகைத்தார்கள் என்று அவர் கூறுகிறார். தன் கையால் வேலை செய்து பெயரெடுத்தவன், இனிப் பிறர் கையால் நடக்கும் வேலைக்குப் பொறுப்பாளியாகிறான். ஆகவே மேலாளாவது புதிய வேலையொன்றைக் கற்பதோடு முடிவதில்லை. தான் யார் என்ற எண்ணமே மாறவேண்டியிருக்கிறது என்பது அவர் கண்ட முடிபு. பிறரைச் சார்ந்திருக்கிறோம், ஆனால் அப்பிறரோ வாய் திறப்பதில்லை. இதுவே புதிய மேலாளின் இக்கட்டு.

இரண்டு மாதங்கள் கழிந்தன. ஒரு மாலை அந்த மூத்தவரைத் தனியே கண்டு, பிரிவில் எல்லாம் எப்படி நடக்கிறது என்று வினவினோம். "ஒன்றும் குறையில்லை, சார்" என்றார். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் விடை வரும். மறுவாரம் கேள்வியை மாற்றிக் கேட்டோம். அன்று காலைக் கூட்டத்தில் இளைஞன் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டானே, அதற்குக் காரணம் என்னவென்றோம். அவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நீங்கள் யோசிக்கும்போது உங்கள் நெற்றி சுருங்கும். அது யோசனை என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷமாகப் பார்க்கிறேன். பையன் வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவன் அதைக் கோபம் என்று நினைத்துவிட்டான்."

அப்பையன் சொல்ல வந்தது யாதெனில், பாரந்தூக்கி வண்டிகளுள் ஒன்றின் தூக்குத் தண்டிலிருந்து எண்ணெய் கசிகிறது என்பதே. உடனே அந்த வண்டியை நிறுத்தி வைத்தோம். பழுது பார்ப்பவர் வந்து, உள்ளேயிருந்த அடைப்பு வளையம் தேய்ந்துபோயிருப்பதாகச் சொன்னார். அன்றைப் பகல் முழுவதும் அவ்வண்டி ஆட்களின் தலைக்கு மேலே சரக்குத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தது. எவருக்கும் தீங்கு நேரவில்லை.

நெற்றி சுருங்குவது குற்றமன்று. நம் தந்தையாருக்கும் அவ்வாறே சுருங்கும். ஆனால் ஒரு தொழிலாளியின் நெற்றி அவன் சொந்த நெற்றி. மேலாளின் நெற்றியோ பன்னிருவர் படிக்கும் அறிவிப்புப் பலகை. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று பண்டகசாலை முழுவதும் அறிந்திருந்தது. அதைப் படிக்க இயலாத ஒரே ஆள் அதை உடையவர்தாம்.

ஜோசப் லப்ட், ஹாரிங்டன் இங்காம் என்னும் அமெரிக்க உளநூல் வல்லுநர் இருவர், 1955இல் இதனை ஒரு சாளரமாக வரைந்து காட்டினர். தம் முதற்பெயர்களை ஒட்டி அதற்கு ஜொஹாரி என்று பெயரிட்டனர். அச்சாளரத்துக்கு நான்கு கண்ணறைகள். தனக்கும் பிறருக்கும் தெரிந்தது ஒன்று. தனக்குத் தெரிந்து பிறருக்குத் தெரியாதது ஒன்று. பிறருக்குத் தெரிந்து தனக்குத் தெரியாதது ஒன்று. இரு சாராருக்கும் தெரியாதது ஒன்று. இவற்றுள் மூன்றாவதைக் குருட்டுப் பகுதி என்பர். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எத்தனை நாள் சிந்தித்தாலும் அந்தக் கண்ணறை திறவாது; அதன் திறவுகோல் அடுத்தவர் கையில் இருக்கிறது. ஒருவன் பதவி உயர உயர, மற்றவர் அத்திறவுகோலை மடியில் இறுக முடிந்துகொள்கிறார்கள்.

ஆதலால், தன்னை அறிவதற்குத் தன்னையே உற்றுநோக்கிக்கொண்டிருந்தால் போதும் என்பது பாதி உண்மைதான். தாஷா யூரிக் என்னும் ஆராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்ட கட்டுரையில், தன் உள்ளத்தைத் தான் அறிவது வேறு, பிறர் தன்னை எவ்வாறு காண்கிறார்கள் என்பதை அறிவது வேறு, ஒன்று உடையவரிடம் மற்றொன்றும் இருக்கும் என்று கொள்ள முடியாது என்று விளக்கியிருக்கிறார். 'ஏன்' என்று தன்னைக் கேட்டுக்கொள்வதைவிட 'என்ன' என்று கேட்டுக்கொள்வது பயன் தரும் என்பதும் அவர் கூற்று. ஏன் என்னிடம் பேச மறுக்கிறார்கள் என்று கேட்டால், பொறாமை என்றோ நன்றியின்மை என்றோ மனம் தனக்குச் சாதகமான விடையைக் கொண்டுவந்து நீட்டும். அவர்கள் பேசுவதற்கு நாம் செய்யத்தக்கது என்ன என்று கேட்டால், ஒரு வேலை கிடைக்கும்.

அந்த வேலை என்ன? குறையைச் சொன்னவனுக்கு நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்வதே அது. 1990களில் ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆராய்ச்சியாளர் அமெரிக்க மருத்துவமனைகளில், மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையுள்ள தாதியர் குழுக்களில் தவறு குறைவாயிருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவேட்டிலோ அத்தகைய குழுக்களில் தவறுகள் அதிகமாகக் காணப்பட்டன! நன்கு விசாரித்தபோது காரணம் புலனாயிற்று. அங்கே தவறு அதிகம் நிகழவில்லை; அதிகம் சொல்லப்பட்டது. மற்ற இடங்களில் அது பயத்தால் மூடப்பட்டது. 1996இல் இவ்வாராய்ச்சி வெளியாயிற்று. "என் பிரிவில் ஒரு புகாருமில்லை" என்று பெருமை கொள்ளும் மேலாள் இதனைச் சிந்திப்பாராக. அங்கே புகார் இல்லாமலிருக்கலாம். அல்லது நாக்கு இல்லாமலிருக்கலாம்.

மேலும், பேசுவதன் விலை எல்லாருக்கும் ஒன்றன்று. நம் மூத்தவர் பேசியதனால் இழக்கக்கூடியது நம் முகமலர்ச்சி மாத்திரமே. வங்காளதேசத்திலிருந்து கடன் வாங்கிக்கொண்டு வந்த ஒருவனுக்கோ, வேலை அனுமதிச் சீட்டே முதலாளியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மேலாளுக்குப் பிடிக்காத ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு, அவன் அடுத்த தெருவில் வேறு வேலை தேடிக்கொள்ள இயலாது. அவனும் நாமும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பதனால் இருவரும் சமமாகப் பேசலாம் என்று எண்ணுவது பேதைமை. யாருக்குப் பேச்சின் விலை மிக அதிகமோ, அவரிடம் செல்லும்போது மேலாள் மிக அதிகமாகக் கீழிறங்கிச் செல்லவேண்டும். நம் பாட்டனார் சைக்கிளை விட்டு இறங்கிய கதையைக் கூறிக் கண்ணீர் உகுக்கும் நாம், இன்னொரு நாட்டு ஏழையைப் பேச்சிலிருந்து இறங்க வைத்தால், அக்கதையிலிருந்து நாம் கற்றது என்ன?

இவ்வாறெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் அதிகாரம் தளர்ந்துபோகாதா என்று சிலர் வினவக்கூடும். கேட்பது வேறு; கேட்டதற்கெல்லாம் இணங்குவது வேறு. நேர அட்டவணையை மாற்றவேண்டும் என்று அறுவர் விரும்பி, அது மற்ற அறுவருக்குத் தீமையானால், முடியாது என்று சொல்லவேண்டியவர் மேலாளே. ஆனால், அவர்கள் சொல்வதை முழுதும் கேட்டபின், காரணத்தோடு சொல்லும் 'முடியாது' ஒன்று. கேளாமலே முகத்தால் சொல்லும் 'முடியாது' மற்றொன்று. முன்னது கீழ்ப்படிதலைத் தரும். பின்னது மௌனத்தைத் தரும். மௌனத்தைக் கீழ்ப்படிதல் என்று மயங்குவது பெருந்தீங்கு.

இதற்கு நேர்மாறான நோயும் ஒன்றுண்டு. எல்லாரும் தன்னை நல்லவன் என்று சொல்லவேண்டும் என்னும் ஆசையால், கண்டிக்கவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு, பின்னர் அறையில் தனியே புழுங்குகிறவர்களும் உளர். அவர்களும் தம்மை அறியாதவர்களே. பிறர் கண்ணில் தன்னைக் காண்பது, பிறர் கண்ணுக்கு அடிமையாவதற்கன்று. சுயமரியாதை வேறு, சுய முக்கியத்துவம் வேறு. தன்மதிப்பு உள்ளவனால்தான் தன் குறையைப் பிறர் வாயால் கேட்டும் நிலைகுலையாமல் இருக்க முடியும். தன்னிடம் நம்பிக்கையில்லாதவனே ஒவ்வொரு குறையையும் கலகம் என்று காண்கிறான்.

நம் மொழிக்கு இது அந்நியமான கருத்தன்று. வள்ளுவர் ஆளுவோருக்கென வகுத்த அதிகாரங்களில், 'வலியறிதல்' என்னும் 48ஆம் அதிகாரத்தில், செயலின் வலிமையோடும் மாற்றானின் வலிமையோடும் தன் வலிமையையும் சேர்த்து அளக்கச் சொல்கிறார். 'பெரியாரைத் துணைக்கோடல்' என்னும் 45ஆம் அதிகாரத்திலோ, தன்னை இடித்துரைப்பவரைத் துணையாகக் கொள்ளாத அரசன், கெடுக்கும் பகைவர் இல்லாவிடினும் தானே கெடுவான் என்ற கருத்தை வைத்திருக்கிறார். அரசர் காலம் போய்விட்டது. ஆனால் பன்னிருவருக்கு மேலாளாயிருப்பவனும் அந்தப் பன்னிருவரின் எட்டு மணி நேரத்துக்கு ஒரு சிற்றரசனே. அவனுக்கு மந்திரிகளை யாரும் நியமித்துத் தருவதில்லை. இடித்துரைப்பவரை அவனே தேடிக்கொள்ளவேண்டும்.

தேடும் வழிகள் பெரியனவல்ல. பொதுவாகக் கேளாமல், இன்ன நாளில் இன்ன வேளையில் நடந்த ஒன்றைப் பற்றிக் கேட்கவேண்டும். கூட்டத்தில் முதலில் தான் பேசாமல், வயதிலும் பதவியிலும் இளையவரை முதலில் பேசவிட வேண்டும். மேலாள் பேசிய பிறகு வருவதெல்லாம் எதிரொலியே. யார் பேசினார் என்பதைக் குறிப்பதோடு, யார் பல நாட்களாகப் பேசவில்லை என்பதையும் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் சொன்ன குறையை அவர் பெயரைச் சொல்லாமல் திருத்தி, திருத்திவிட்டோம் என்பதை அவர் அறியச் செய்யவேண்டும். சொன்னதனால் ஒன்று மாறிற்று என்று ஒருவன் ஒருமுறை கண்டுவிட்டால், அவன் மறுமுறை வாய் திறப்பான். அவனைக் கண்டு மற்றொருவனும் திறப்பான். இவ்வளவையும் செய்யக் கல்லூரிப் பட்டம் வேண்டுவதில்லை. பொறுமையும், சொன்னதைக் கேட்டவுடன் தன் பக்கத்து நியாயத்தை எடுத்து வீசாமல் இருக்கும் அடக்கமும் போதும்.

இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் இளைஞர்களும் யுவதிகளும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் மேலாளராக அமர்கிறார்கள். பால்மரக் காட்டில் தலைமுறைகளாகக் கண்காணிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பிள்ளைகள் பிறரைக் கண்காணிக்கும் இடத்துக்கு வருவது மகிழத்தக்க மாறுதலே. ஆனால் நாற்காலியில் அமரும் ஆள் மாறுவது மட்டும் சீர்திருத்தமாகாது. அந்த நாற்காலிக்கு முன்னே நிற்பவனின் குரல் மாறினால்தான் அது சீர்திருத்தம். பார்ப்பவன், ஆணையிடுபவன், எழுதுபவன் என்ற பழைய வரிசையில் இல்லாதுபோன ஒரு பெயரை அவர்கள் சேர்க்கட்டும். கேட்பவன் என்றும் கேட்பவள் என்றும் தம்கீழ் வேலை செய்வோர் அவர்களை அழைக்கும் நிலை வரட்டும். அதைவிடப் பெரிய பதவி உயர்வை எந்தக் கடிதமும் கொண்டுவரப் போவதில்லை.